காதின் உயரம்

அந்த இரண்டு ஸ்பீக்கரும் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில், பார்க்க வந்த யாரும் அவற்றை ஸ்பீக்கர் என்று நம்பவில்லை. ஸ்பீக்கர் என்றால் பெட்டியாக இருக்கும், நடுவில் வட்டமாக ஒரு வாய் இருக்கும். இவை அகலமாகவும் தட்டையாகவும், முன்பக்கம் லேசாகப் புடைத்து, பித்தளை நிற வலை போட்டு இருந்தன. அடியில் மூன்று குட்டிக் கால்கள். நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்கும் வராது. குளிர் நாட்டில் வீட்டுக்குள் வைத்துச் சூடு காய்கிற சாமான் என்று பக்கத்து வளவுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் மின்வேலை பார்த்தவர். அங்கே இருந்த வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர், நாடு குழம்பத் தொடங்கிய நேரம் தன் ஊருக்குப் புறப்பட்டபோது, இவை கப்பலில் போனால் உடைந்துவிடும் என்று இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே பாட்டுத்தட்டுப் போடும் மெஷினும், சூடேறுகிற கண்ணாடிக் குழாய்கள் வைத்த அம்ப்ளிபயரும் கொடுத்தார். இவர் அவற்றை மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். பாலில் படிகிற ஆடையை விட மெல்லிய தாள் ஒன்று இழுத்துக் கட்டியிருக்கிறதாம். கரண்ட் அதை முன்னும் பின்னும் ஆட்டுகிறதாம், அந்த ஆட்டம்தான் பாட்டாம். தட்டையான சாமான் என்பதால் சத்தம் நேரே மட்டும் போகும், மேலே கீழே பரவாது. காது அதற்கு நேரே இருக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: முன்னால் கேட்கிற அதே பாட்டு பின்னாலும் கேட்கும், அதனால் பின்பக்கத்தை அடைக்கக் கூடாது, சுவரோடு ஒட்டவும் கூடாது.

கதிரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இவை பதிவு, உயரம் போதாது என்று அந்த இஞ்சினியர் குறை சொல்வாராம். எங்கள் வீட்டில் அந்தக் குறை இருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் பாயில் இருப்பவர்கள். இவர் தலையணையை மடித்துப் போட்டு, முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருப்பார். குரல் நேரே அவர் காதுக்கு வரும். எங்களுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. ஆலையில் வேலை செய்கிற ஆண்கள் இரண்டு மூன்று பேர் வந்து கூட இருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். எனக்கு ஆட்களுக்கு முன்னால் போவதென்றால் சிறு வயதில் இருந்தே கூச்சம். அடுப்படி வாசல் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருந்தது. நான் அங்கே இருந்து தேங்காய் துருவிக்கொண்டே எல்லாப் பாட்டையும் கேட்டேன். முன்னால் இருந்து ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை.

பிறகு சண்டை வந்தது. வருடக்கணக்கில் கரண்ட் இல்லை. இவர் ஸ்பீக்கர்களை உரப்பையால் மூடி, ஈரம் இழுக்கட்டும் என்று அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து பின்னால் வைத்தார். ஓடிப்போன நேரங்களில் சாமான்களோடு சாமானாக அவற்றையும் நினைத்துக்கொண்டுதான் ஓடினோம். திரும்பி வந்து பார்த்தபோது கதவுகளைக் காணவில்லை, சட்டி பானையைக் காணவில்லை. இவை இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. என்ன சாமான் என்று தெரிந்திருந்தால்தானே எடுத்திருப்பார்கள்.

கரண்ட் திரும்ப வந்தது. பின்னேரங்களில் சில மணி நேரம் வரும், சில நாள் வராது. வந்த முதல் கிழமையே இவர் பாட்டுப் போட்டார். அந்தச் சந்தோசம் ஒரு போகம் விளைந்து முடியும் வரைக்கும் இருக்கவில்லை. எனக்குச் சீதனமாகத் தந்த வயல் கிரான் பக்கத்து வட்டையில் இருந்தது. தண்ணீர் பார்க்கப் போனவர் வரம்பில் மிதிவெடியை மிதித்துவிட்டார். வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. இடது கால் இருந்தது, ஆனால் முழங்கால் மடங்காது.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவருக்கு இடம் ஒரு கைக்கதிரைதான். கையை ஊன்றி எழும்பலாம், ஊன்றுகோலை எடுக்கலாம். பாயில் இருத்தினால் தானாக எழும்ப முடியாது. ஒருநாள் பக்கத்து வளவுக்காரர் அவரைத் தூக்கிப் பாயில் இருத்தினார். பாட்டுப் போட்டோம். முடிந்ததும் திரும்பத் தூக்க வேண்டும் அல்லவா, பிள்ளையைத் தூக்குவது போல அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அடுத்த நாள் உரப்பையை எடுத்து ஸ்பீக்கர்களை மூடச் சொன்னார். கதிரையில் இருந்து கேட்கலாமே என்று நான் சொன்னேன். கேட்டுப் பார்த்தார். குரல் கதிரைக் காலுக்குக் கீழால் போகிறது, கிடங்குக்குள் இருந்து ஆரோ பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். நிற்பாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கதைப்பது குறைந்தது. காலையில் இருந்து பின்னேரம் வரை வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சோறு போட்டால் சாப்பிடுவார். கரண்ட் வந்தது, போனது என்றுகூடக் கேட்க மாட்டார்.

கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து போவார். இவரிடம் வயர் வேலை பழகியவர். அவர் மண்டூர்த் திருவிழாவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் வந்தார். இவர் அவரிடம், திரும்பி வரும்போது இந்த இரண்டையும் ஏற்றிக்கொண்டு போ, எனக்கு ஒன்றும் வேண்டாம், இஞ்ச கிடந்து பழுதாகிறதுக்கு உனக்காவது உதவும் என்று சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது.

அவை போனால் இவர் அந்தக் கதிரையில் இருந்து திரும்பவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒலிபெருக்கிக்காரர் தோணி ஏறி, வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்குப் போயிருக்கிறார், ஒரு கிழமையிலும் வரலாம், பாதை மூடினால் ஒரு மாதத்திலும் வரலாம். அதற்குள் இவர் பாயில் இறங்கத் தேவையில்லாமல், அந்தச் சாமான்கள் இவரிடம் ஏறி வர வேண்டும். கால் வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் யோசனை.

மரம் எங்கே? காட்டுக்கு யாரும் போக முடியாத காலம். வீட்டின் உள்ளறையில் என் சீதனப் பெட்டகம் இருந்தது. நெல் போட்டு வைக்கிறது, தனி முதிரை மரம். வயலுக்குப் போக்குவரத்து நின்ற பிறகு அதற்குள் எலிப் புழுக்கைதான். நான் ஒரு காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, அலவாங்கை எடுத்து அதன் மூடியையும் பக்கப் பலகைகளையும் நெம்பிக் கழற்றினேன். முதிரை லேசில் விடாது. ஆணி ஒவ்வொன்றும் கத்திக்கொண்டு வந்தது. என்ன சத்தம் என்று வெளியில் இருந்து கேட்டார். கறையான் பார்க்கிறேன் என்றேன். முதிரையில் கறையானா என்று கேட்டார்.

அடுத்தது அளவு. எனக்கு அங்குலக் கணக்கெல்லாம் வராது, கயிற்றுக் கணக்கு வரும். ஒரு கயிற்றில் நிலத்தில் இருந்து இவர் காது வரைக்கும் எடுக்க வேண்டும். இன்னொரு கயிற்றில் ஸ்பீக்கரின் உயரம், அதை இரண்டாக மடித்தால் அதன் நடு. காதின் கயிற்றில் இருந்து இந்தப் பாதியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் காலின் உயரம். சரியான கணக்கு என்று இப்போதும் சொல்வேன்.

நான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், என்றபின் செய்ய எனக்குத் தைரியம் இருக்காது. மத்தியானம் கதிரையிலேயே தூங்குவார். அந்த நேரம் போய்க் குந்தி, கயிற்றின் ஒரு நுனியைப் பெருவிரலால் நிலத்தில் மிதித்து, மறுநுனியைக் காதோடு பிடித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைக் கயிற்றால் அளப்பது அவர் செத்த பிறகுதான். அது என் நினைவில் வரவேயில்லை. முடிச்சுப் போடும்போது இவர் கண்ணைத் திறந்தார்.

“என்ன புள்ள, பெட்டிக்கு அளவா?”

எனக்கு உயிர் போய்விட்டது. “இல்ல... கொடிக்கயிறு அறுந்து போச்சு” என்றேன்.

“கொடிய என்ட காதுலயா கட்டப் போறாய்?”

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அங்கே நின்று அழுதேன், பிறகு அடுப்பை ஊதினேன். கயிறு கையில்தான் இருந்தது, முடிச்சும் இருந்தது.

அந்த நாட்களில் நல்ல மரவேலைக்கு முஸ்லிம் ஊரான ஓட்டமாவடிக்குத்தான் போக வேண்டும். நாங்கள் அங்கே போவதும் அவர்கள் இங்கே வருவதும் குறைந்திருந்த காலம். இரண்டு பக்கமும் செத்தவர்கள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் பயம் இருந்தது. ஆனால் ஆலைக் குவாட்டர்ஸுக்குக் கதவு நிலை செய்த ஓடாவியார் ஒருவரை இவருக்குத் தெரியும். எனக்கும் அவர் பட்டறை எது என்று தெரியும். பலகைகளைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனேன். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. ஆமிக்காரரின் சென்றியில் மறித்து, என்ன மரம், எங்கே என்று கேட்டார்கள். கதிரை என்று ஒரு சொல் சொன்னேன். ஆணிகளை ஒரு தகரப் பேணியில் போட்டுக் கொண்டு போயிருந்தேன், அதைக் கொட்டி எண்ணிப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

ஓடாவியார் நரைத்த தாடிக்காரர், என்னை விடப் பதினைந்து வயது மூப்பு. பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த முதிரையை இப்போது ஆர் கண்டது என்றார். கயிறுகளைக் கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். இரண்டு பக்கமும் கால், நடுவில் ஸ்பீக்கர் இறங்கி உட்கார ஒரு சட்டம், அந்தக் குட்டிக் கால்களைக் கழற்றின ஓட்டையில் ஆணி முறுக்க வேண்டும். என் வாழ்க்கையில் ஒரு வெளியாளிடம் அவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல். அவர் மண்ணில் கீறிக் காட்டினார். நான் தலையாட்டினேன். ஒரு கிழமை கழித்து வரச் சொன்னார்.

போனபோது செய்து முடித்து நிறுத்தியிருந்தார். எண்ணெய் பூசி, மூலையெல்லாம் மழுக்கி, அவ்வளவு வடிவு. ஆனால் பின்பக்கம் முழுக்கப் பலகையால் அடைத்திருந்தார், அலுமாரிக்கு அடைக்கிற மாதிரி. நான் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொண்டுபோய் வீட்டில் கழற்றிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் அதை ஆணியால் அடிக்கவில்லை, மரத்தில் காடி வெட்டிச் செருகி இறுக்கியிருந்தார். என்னால் கழற்ற ஏலாது.

“பின்னால திறந்து இருக்கவேணும் நானா” என்றேன்.

“பல்லி பூந்தா கரண்டுல கருகிப் போயிடும். அதுக்குத்தான் அடைச்ச.”

“இல்ல. திறக்கவேணும்.”

“பின்னால ஆரு கா பாட்டுக் கேக்கிற?”

“நான் கேப்பன்.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு சுத்தியலைத் தேடினார். பலகைகளைக் கழற்றி என் கையில் தந்து, பல்லிக்கு நீயே காவல் நில் என்றார். கழற்றின துண்டுகளையும் கட்டிக்கொண்டு வந்தேன். விறகுக்கு ஆகும் என்றுதான் நினைத்தேன்.

கால்களைப் பின்வளவால் கொண்டுவந்து உள்ளறையில் வைத்தேன். ஸ்பீக்கருக்குள் கரண்ட் நிறைய நேரம் ஒளித்திருக்கும், பிளக்கைக் கழற்றினாலும் ஒருநாள் விட்டுத்தான் தொட வேண்டும் என்று இவர் முன்னர் சொன்னது நினைவில் இருந்தது. சுவிட்ச் போட்டு அவை கரண்ட் கண்டே மாதக்கணக்கு. இருந்தும் பிளக்கைக் கழற்றி ஒருநாள் விட்டேன். அடுத்த நாள் காலையில் உரப்பையை எடுத்தேன். இவருக்கு முன்னால்தான் செய்ய வேண்டி இருந்தது, அவை நின்றதும் இவர் இருந்த முன்னறையில்தானே. அவர் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டிக் கால்களைக் கழற்றினேன். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அணைத்துத் தூக்கி, சட்டத்தில் இறக்கி, ஆணிகளை முறுக்கினேன். இரண்டாவதைத் தூக்கும்போது அது பிடியில் இருந்து சறுக்கப் பார்த்தது. அவர் ஊன்றுகோலை எடுத்தார், எழும்பப் போனார், பிறகு இருந்துவிட்டார். மத்தியானமாகியது வேலை முடிய. இரண்டும் என் நெஞ்சு உயரத்துக்கு நின்றன.

சோறு போட்டுக்கொண்டிருந்தேன், படலையில் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டிச் சத்தம். ஒலிபெருக்கிக்காரர் வந்துவிட்டார்.

உள்ளே வந்தவர் நின்று பார்த்தார். அண்ணன், இதென்ன, சாமானுக்குக் கால் முளைத்திருக்கிறது என்றார். இவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு, ஏற்றுவதென்றால் ஏற்று, நான் சொன்ன சொல் மாறவில்லை என்றார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். கடைசியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டுபோய் வந்தவருக்கு முன்னால் வைத்தேன். இதைக் குடித்து முடிய நேரம் எடுக்கும், அதற்குள் கரண்ட் வரட்டும் என்பதுதான் என் வேண்டுதல். குடித்து முடித்தார். இன்னொரு கோப்பை கொண்டுவந்தேன். அதையும் குடித்தார். மூன்றாவது கொண்டுவந்தபோது, எனக்குப் பித்தம் அக்கா என்றார். நான்கு மணி போல் கரண்ட் வந்தது.

நானே பிளக்கைப் போட்டேன். ஸ்பீக்கர்கள் கரண்டைக் குடித்து நிறையக் கொஞ்ச நேரம் வேண்டும். பிறகு அம்ப்ளிபயரின் குழாய்கள் சிவந்தன. இவர் தட்டை எடுத்துத் தரவில்லை, நான்தான் எடுத்தேன். மேலே இருந்தது எதுவோ அதைப் போட்டேன். ஒரு பெண் பாடுகிற பழைய பாட்டு.

இவர் நிமிர்ந்து இருந்து கேட்டார். ஒரு அடி பாடி முடிந்தது. தலையை இந்தப் பக்கம் சரித்தார், அந்தப் பக்கம் சரித்தார்.

“நெஞ்சுல முட்டுது. காதுக்கு வரல்ல.”

ஒலிபெருக்கிக்காரர் எழும்பினார். “நான் அப்பவே நினைச்சன் அண்ணன். இது எங்கட ஆக்களுக்குச் சரிவராது. நான் ஏத்திறன்.” குனிந்து பிளக்கில் கை வைத்தார்.

“பிளக்க விடுங்க” என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எத்தனையோ வருடமாக வந்து போகிறவர், நான் அவரோடு ஒரு சொல் பேசியது கிடையாது.

“விடுங்க. அந்தப் பக்கம் முன்காலத் தூக்குங்க.”

“அக்காவுக்கு வாய் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டன்” என்றார். ஆனால் தூக்கினார். நான் விறகுக்கு வைத்த முதிரைத் துண்டொன்றைக் கொண்டுவந்து கீழே தள்ளினேன். ஸ்பீக்கர் பின்னுக்குச் சாய்ந்து மேலே பார்த்தது. மற்றதையும் அப்படியே செய்தோம். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இவர் கதிரையில் இருந்து ஒரு கையைத் தூக்கினார்.

“இன்னும் கொஞ்சம்.”

இரண்டாவது துண்டு வைத்தேன்.

“கூடிப்போச்சு. இறக்கு. ஆ... அதுல விடு. டேய், நீ அசையாத, பிடிச்சுக்கொண்டு நில்லு.”

ஒலிபெருக்கிக்காரர் குனிந்தபடி, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டு தடிப்பாக இருந்தது, முழுக்கத் தள்ளினால் கூடிவிடும், எடுத்தால் குறைந்துவிடும், அதனால் அவர்தான் பிடிக்க வேண்டும். பாட்டு முடியும் வரை நின்றார். இவர் கண்ணை மூடவில்லை. நேரே பார்த்துக்கொண்டு இருந்தார், அங்கே ஆரோ வந்து முன்னால் இருக்கிற மாதிரி.

தட்டு முடிந்து ஊசி கரகரத்தது. இவர் என்னைப் பார்த்தார்.

“நீ நித்திரைக்காரனுக்கு அளவெடுத்திருக்காய் புள்ள. முழிச்சிருக்கிற ஆளுக்கெல்லோ பாட்டு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூங்குகிற ஆளின் தலை நெஞ்சில் விழுந்திருக்கும், உடம்பு கதிரையில் சறுக்கியிருக்கும். நான் எடுத்தது அந்தக் காது. ஒரு சாண் குறைந்துவிட்டது. வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஒலிபெருக்கிக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்ப நான் ஏற்றுவதா இல்லையா என்று கேட்டார். இவர் அரம், வாள், அளவுகோல் எல்லாம் போட்டு வைத்திருந்த தன் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். கட்டிலுக்குக் கீழே கிடந்தது. மேலே ஒட்டறை. துடைத்துக் கொடுத்தேன். ஒலிபெருக்கிக்காரர் தன் சாமான்களை மட்டும் ஏற்றின லாண்ட்மாஸ்டரோடு போனார். போகும்போது படலையில் நின்று, அக்கா, இனித் தேத்தண்ணீர் ஒன்று போதும் என்றார்.

அடுத்த இரண்டு நாளும் இவர் கதிரையில் இருந்தபடியே முதிரைத் துண்டுகளை அறுத்து, அராவி, நான்கு ஆப்புகள் செய்தார். நான் ஸ்பீக்கருக்கு அடியில் வைப்பதும் எடுப்பதும், அவர் அராவுவதும். முதிரைத் தூளால் மடியெல்லாம் மஞ்சளாக இருந்தது. மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது ஒரு கை படாமல் தானாகச் சாய்ந்து நின்றன.

வந்து பக்கத்தில் இரு, முன்னால் இருந்து ஒரு தரம் கேள் என்று கூப்பிட்டார். இன்னொரு கதிரையும் இருந்தது. ஆனால் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, எனக்கு அப்படி முன்னால் போய் இருக்கவும் ஒரு மாதிரி இருந்தது. பிறகு வாறன் என்றேன். அடுப்படி வாசலில் குந்தி உலைமூடியைத் திறந்தேன். பாட்டு ஸ்பீக்கரின் திறந்த பின்பக்கத்தால், முந்தியை விட உயரத்தில், என் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. நான் அகப்பையோடு எழும்பி நின்றேன். அப்போது சரியாகக் கேட்டது.